ஓட்டின் மேல் விழுந்த பெட்டி: உளவு பலூனா, வானிலை பலூனா?

பள்ளத்தூரை அடுத்த ஓர் ஊரிலிருந்து ஆச்சி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆவணி மாதத்தில் ஒருநாள், பொழுது விடிவதற்குச் சற்று முன்னர் வாசலில் கோலம் போட வந்தவர், வடகிழக்கு வானத்தில் வெள்ளைப் பொட்டு ஒன்று மிக மெதுவாக நகர்வதைக் கண்டாராம். எட்டு மணி வாக்கில் இரண்டாம் கட்டு ஓட்டின் மேல், கிழிந்த ரப்பரும் நீண்ட நூலும் சேர்ந்த ஒரு வெள்ளைப் பெட்டி கிடந்திருக்கிறது. அமெரிக்காவில் சுட்டு வீழ்த்தப்பட்ட சீன பலூனின் படத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் காட்டி, இதுவும் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியை வேவு பார்க்க வந்ததுதான் என்று சொல்லியிருக்கிறார்கள். முற்றம் திறந்து கிடக்கும் வளவு வீட்டை மேலிருந்து யாராவது பார்க்க முடியுமா, இது வெளிநாட்டுக்காரர்களுடையதா அல்லது நம் அரசாங்கமே வேவு பார்க்கிறதா, பெட்டியை என்ன செய்வது, போலீசில் சொன்னால் வம்பு வருமா என்று கேட்டு, பெட்டியின் படத்தையும் அனுப்பியிருக்கிறார்.

ஆச்சி, படத்தைப் பார்த்த அளவில் அது வானிலை பலூனில் கட்டி அனுப்பும் கருவி. ரேடியோசாண்ட் என்பது அதன் பெயர். பெட்டியின் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பட்டையில்தான் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளக்கும் உணரிகள் இருக்கின்றன. கீழே தொங்கும் குட்டைக் கம்பி, அளந்ததை 400 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலுள்ள அலைவரிசையில் தரைக்கு அனுப்பும் ஆண்டெனா. உள்ளே ஒரு ஜிபிஎஸ் கருவியும் மின்கலமும் இருக்கும். கேமரா இருக்காது, படம் அனுப்பும் அளவுக்கு அதற்கு மின்சக்தியும் கிடையாது. மொத்த எடையே சில நூறு கிராமுக்குள் அடங்கிவிடும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு நாடெங்கும் இத்தகைய பலூன்களை ஏற்றும் நிலையங்கள் உள்ளன. நம் பக்கத்தில் சென்னை மீனம்பாக்கம், காரைக்கால், திருவனந்தபுரம் ஆகிய ஊர்களைச் சொல்லலாம். உலகெங்கும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும் என்ற ஏற்பாட்டின்படி, நம் நேரத்தில் காலை 5.30 மணி அளவீட்டுக்காக விடியுமுன்னரே பலூனை விட்டுவிடுவார்கள். மாலை 5.30 மணிக்கும் ஏற்றும் நிலையங்கள் உண்டு. ஹைட்ரஜன் நிரப்பிய ரப்பர் பலூன் நிமிடத்துக்குச் சுமார் 300 மீட்டர் வீதம் ஏறுகிறது. மேலே காற்றழுத்தம் குறையக் குறைய அது விரிந்துகொண்டே போகும். புறப்படும்போது ஆள் உயரத்துக்கு இருப்பது, 30 கிலோமீட்டர் உயரத்தை எட்டும்போது ஓர் அறையே கொள்ளாத அளவுக்குப் பருத்து, இனி விரிய முடியாமல் வெடித்துவிடும். ஏறுவதற்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும், சிறு பாராசூட்டில் இறங்குவதற்கு அரை மணி, முக்கால் மணி நேரமும் பிடிக்கும். உங்கள் ஓட்டில் கிடந்த கிழிந்த ரப்பர் அப்படி வெடித்த பலூனின் மிச்சம்.

காரைக்காலில் விட்ட பலூன் செட்டிநாட்டுக்கு எப்படி வரும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரையை ஒட்டி மேற்கிலிருந்து காற்று வீசினாலும், 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்கிலிருந்து பலத்த கீழைக்காற்று ஓடுகிறது. முதலில் கடற்பக்கம் சற்றுத் தள்ளப்படும் பலூன், மேலே போனதும் மேற்காகத் திரும்பி உள்நாட்டுக்குள் வரும். காரைக்காலுக்கும் காரைக்குடிக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான்; காற்று பலமாக உள்ள நாளில் இது எட்டக்கூடிய தொலைவு. வடகிழக்கில் பொட்டு தெரிந்ததும், எட்டு மணிக்குள் பெட்டி விழுந்ததும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகின்றன.

சூரியன் எழுமுன்பே அது பளபளத்ததில் மாயம் எதுவும் இல்லை. 18 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் பொருளுக்கு, தரையில் நிற்கும் நமக்கு விடிவதற்குக் கால் மணி நேரம் முன்னரே வெயில் பட்டுவிடுகிறது. முழுதாக வெளுக்காத வானத்தில் அது மட்டும் ஒளிர்வதால்தான் கண்ணில் படுகிறது. நன்றாக விடிந்த பிறகு அதே பலூனைத் தேடினாலும் கிடைக்காது. பலர் வெள்ளிக் கோளையே பலூன் என்று நினைத்துவிடுவதும் உண்டு. அடுத்த நாளும் அதே நேரத்தில் அதே திசையில் தெரிந்தால் அது கோள்தான். இன்னும் தாழ்வாக, விளக்குகள் மினுக்கிக்கொண்டு ரீங்காரத்தோடு நின்றால், கானாடுகாத்தான் பக்கம் கல்யாண வீடியோவோ சினிமா படப்பிடிப்போ நடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்; நம் வட்டாரத்தில் வானத்திலிருந்து வீடுகளைப் படமெடுப்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

இனி அந்தச் சீன பலூன். 2023 ஜனவரி 28 அன்று அலாஸ்கா வழியாக அமெரிக்க வான்பரப்பில் நுழைந்து, பிப்ரவரி 1 அன்று மான்டானா மாநிலத்தில் பொதுமக்கள் கண்ணில் பட்டு, பிப்ரவரி 4 அன்று தென் கரோலினா கடற்கரைக்கு அப்பால் எஃப்-22 போர் விமானத்தின் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. அதன் உயரம் சுமார் 60 மீட்டர். அடியில் தொங்கிய கருவித் தொகுதி, சூரியத் தகடுகளோடு சேர்ந்து ஒரு சிறு பயணிகள் விமானத்தின் நீளத்துக்கு இருந்ததாக அமெரிக்க அதிகாரிகள் கூறினர். ஏறத்தாழ 60,000 அடியில், அதாவது 18 கிலோமீட்டரில் பறந்த அதைத் தரையிலிருந்து பார்த்தவர்களுக்கு முழுநிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு வெள்ளை வட்டமாகத் தெரிந்திருக்கும். நீங்கள் கண்டது வெறும் புள்ளி. ஓட்டை உடைக்காமல் வந்து உட்கார்ந்த கைப்பெட்டிக்கும் அந்தப் பூதத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. வழிதவறிய வானிலை ஆய்வுக் கலம் என்றுதான் சீனாவும் அப்போது சொன்னது என்பதால், 'வானிலை பலூன்' என்று கேட்டாலே மக்களுக்கு ஐயம் எழுவதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் அளவைப் பார்த்தாலே இரண்டையும் பிரித்துவிடலாம்.

செயற்கைக்கோள் இருக்கும்போது பலூன் எதற்கு என்பது நல்ல கேள்வி. பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஓர் இடத்தின் மேல் சில நிமிடங்களே நிற்கின்றன. எப்போது வரும் என்பதும் முன்கூட்டியே தெரியும். 20 கிலோமீட்டரில் மிதக்கும் பலூன் 25 மடங்கு நெருக்கத்தில் இருக்கிறது. தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப வானொலி அலை வலுவிழப்பதால், தரையிலிருந்து கிளம்பும் அதே சைகை பலூனுக்கு 625 மடங்கு வலுவாகக் கேட்கும். வேறு வேறு உயரங்களில் காற்று வேறு வேறு திசையில் ஓடுவதால், ஏறியும் இறங்கியும் ஓரளவு தன் போக்கை மாற்றிக்கொண்டு ஒரே பகுதியின் மேல் நெடுநேரம் தங்கவும் அதனால் முடியும். ஆகவே உளவு பலூனின் உண்மையான பலம் அது பார்ப்பதைவிட ஒட்டுக்கேட்பதில் இருக்கிறது என்பது என் கணிப்பு. வீழ்த்துவதற்கு முன் யு-2 உளவு விமானத்திலிருந்து எடுத்த படங்களில், தகவல் தொடர்புகளைப் பிடித்து இடம் கண்டறியக்கூடிய ஆண்டெனாக்கள் தெரிந்ததாக அமெரிக்கா கூறியதும் இதை ஒட்டியதே. எனினும் தன் நாட்டின் மேல் பறந்தபோது அது தகவல் சேகரிக்கவில்லை என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே 2023 ஜூனில் அறிவித்தது.

எனவே உங்கள் முற்றம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வளவும் பட்டாலையும் எப்படி அமைந்திருக்கின்றன, எந்தக் கட்டின் ஓடு சரிந்திருக்கிறது என்பதெல்லாம் இன்று இணைய வரைபடங்களிலேயே யாரும் பார்க்கக்கூடியவை. விலைக்குக் கிடைக்கும் செயற்கைக்கோள் படங்களில் சிறந்தவற்றில் ஒரு புள்ளி 30 சென்டிமீட்டர் அளவு. முற்றத்தில் வற்றல் காயவைத்திருப்பது தெரியலாம், காயவைத்தவர் யார் என்பது தெரியாது. சிக்ரி பற்றிப் பிள்ளைகள் சொல்வதும் எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. மின்கல வேதியியல் கூரைக்குக் கீழே ஆய்வகத்தில் நடக்கிறது. கூரைக்கு மேலே நின்று படமெடுத்து அதைக் களவாட முடியாது.

இந்தியாவுக்கு மேல் உளவு பலூன் வரவே வராது என்று நான் சொல்ல மாட்டேன். 2022 ஜனவரியில் போர்ட் பிளேருக்கு மேல் பலூன் போன்ற பொருள் ஒன்றைப் பலர் பார்த்துப் படமும் எடுத்தார்கள். முப்படைக் கட்டளையகம் உள்ள தீவு என்பதால் அந்தச் செய்தி ஓராண்டு கழித்துச் சீன பலூன் விவகாரத்தின்போது மீண்டும் பேசப்பட்டது. 55,000 அடிக்கு மேல் பறந்த ஒரு பலூன் இலக்கை நம் விமானப்படை ரஃபேல் விமானத்தால் வீழ்த்திப் பார்த்ததாக 2024-இல் செய்தி வந்தது. 2025 மே 3 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷியோபூரிலிருந்து, நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ தன் சொந்த உயர்வான் கலத்தை 17 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பிச் சோதித்தது. கண்காணிப்புக்குப் பயன்படும் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். வானத்தில் காணும் எல்லாமே பகைவனுடையது என்பதும் தவறு. ஐதராபாத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் பலூன் நிலையம் குளிர்காலத்தில் மிகப் பெரிய பிளாஸ்டிக் பலூன்களை விண்ணாய்வுக்காக ஏற்றுகிறது. அவை இறங்கும் தெலங்கானா, கர்நாடக ஊர்களில் ஒவ்வொரு முறையும் இதே பரபரப்புதான்.

நம் அரசாங்கமே குடிமக்களை வேவு பார்க்கிறதா என்ற கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. சொந்த நாட்டின் மேலேயே பலூன் கண்காணிப்பைச் சோதித்த அரசுகள் உண்டு: 2019-இல் அமெரிக்க ராணுவத்துக்காக 25 பலூன்களைத் தெற்கு டகோட்டாவிலிருந்து மத்திய மேற்கு மாநிலங்களின் மேல் அனுப்பி, வாகனங்களின் நடமாட்டத்தைத் தொடரும் சோதனைக்கு அனுமதி பெற்றிருந்தது செய்தியாக வெளிவந்தது. ஆனால் பள்ளத்தூரில் இருக்கும் ஒருவரைப் பற்றி ஓர் அரசு அறிய விரும்பினால் அதற்கு பலூன் வேண்டாம்; எந்த நேரத்தில் எந்தக் கோபுரத்தோடு கைப்பேசி பேசியது என்ற பதிவே போதும். பேச்சை இடைமறித்துக் கேட்க 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் இடம் கொடுத்தது. இப்போது 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் 2024 டிசம்பரில் வந்த அதன் விதிகளும் கொடுக்கின்றன. வழக்கமாக உள்துறைச் செயலர் மட்டத்தில் எழுத்து மூலம் ஆணை வேண்டும். ஓர் ஆணை 60 நாளும், நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளும்தான் செல்லும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆணையைப் பிறப்பிப்பதும் மறு ஆய்வு செய்வதும் அதிகாரிகளே, நீதிபதி அல்ல என்பதுதான் இந்த ஏற்பாட்டில் எனக்கு உறுத்தும் இடம்.

பெட்டிக்கு வருவோம். நூல் எங்காவது மின்கம்பியில் சிக்கியிருந்தால் இழுக்காதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொன்னால் ஆள் வருவார்கள். ஓட்டின் மேல் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம், பழைய நாட்டு ஓடு காலடிக்குத் தாங்காது. ஏணி போட்டுத் துறட்டியால் நூலை இழுத்தாலே பெட்டி வந்துவிடும். கிழிந்த ரப்பரில் ஹைட்ரஜன் மிச்சமிருக்காது. ஆனால் வேறொரு நாள் வெடிக்காத, பருத்த பலூனோ பெரிய பிளாஸ்டிக் உறையோ கிடந்தால், பீடி, சிகரெட், கற்பூரம் எதுவும் அருகில் போகக் கூடாது. பெட்டியைப் பிரிக்கவும் வேண்டாம், குப்பையோடு எரிக்கவும் வேண்டாம்; உள்ளேயுள்ள மின்கலம் வெடிக்கக்கூடும். ஒட்டுச்சீட்டும் வரிசை எண்ணும் தெரியும்படி நாலு பக்கமும் படம் எடுத்து, நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். அந்தப் படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போடுவதற்கு முன் காவல் நிலையத்துக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ காட்டிவிடுங்கள்.

வம்பு வருமா என்று கேட்டிருந்தீர்கள். தானாக வந்து விழுந்த பொருளை ஒப்படைப்பவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. பிரித்து விற்பவரும் மறைத்து வைப்பவரும்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், 'இன்ன தேதியில், இன்ன நேரத்தில், எங்கள் வீட்டு ஓட்டின் மேல் விழுந்து கிடந்த பெட்டியை ஒப்படைக்கிறேன்' என்று வரிசை எண்ணையும் சேர்த்து இரண்டு பிரதி எழுதிக்கொண்டு, ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.