எல்.டி.எல். ஏறியிருக்கிறது, இரும்பு இறங்கியிருக்கிறது: காபி டம்ளரிலிருந்து தொடங்கலாம்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். 42 வயதுப் பெண். சைவம், பால், தயிர் உண்டு, முட்டை கிடையாது. போன மாதப் பரிசோதனையில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 162, ஹீமோகுளோபின் 10.4, ஃபெரிட்டின் 9. சர்க்கரை, ரத்த அழுத்தம் இல்லை. இரும்பு மாத்திரை மலச்சிக்கல் தந்ததால் நிறுத்திவிட்டேன். பீட்ரூட், மாதுளை, பேரீச்சை, ராகி சாப்பிடுகிறேன். செக்குத் தேங்காய் எண்ணெய்க்கும் மாறிவிட்டேன். உணவாலேயே இரண்டையும் சரிசெய்ய முடியுமா?

பதில்: எல்.டி.எல்.லை உணவால் ஓரளவு நன்றாகவே இறக்கலாம். இரும்பு விஷயம் வேறு. ஃபெரிட்டின் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் எண்; அது 9 என்றால் சேமிப்பு காலி. குறைந்த ஹீமோகுளோபினை ஈடுகட்டிச் சேமிப்பையும் நிரப்ப 500 மில்லிகிராம் இரும்பாவது உடலுக்குள் போக வேண்டும். சைவ உணவின் இரும்பில் உடல் எடுத்துக்கொள்வது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான். அதிலும் பெரும்பகுதி மாதவிடாயிலும் அன்றாட இழப்பிலும் போய்விடும். தினம் அரை மில்லிகிராம் மிஞ்சினால்கூடக் கணக்குத் தீர மூன்று ஆண்டு ஆகும். ஆகவே மாத்திரையை விட வேண்டாம், எடுக்கும் விதத்தை மாற்றுங்கள்.

ஒரு மாத்திரை போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து குடலின் வாசலை ஏறக்குறைய ஒரு நாள் சாத்திவிடும். அடுத்த மாத்திரை அந்தச் சாத்திய கதவில்தான் மோதும். உள்ளே போகாத இரும்புதான் வயிற்றைப் படுத்துகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே வேளை எடுக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். காலை 11 மணிவாக்கில், டிபனுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே, தண்ணீருடனோ எலுமிச்சைச் சாறுடனோ விழுங்குங்கள். பாலுடன் கூடாது. மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டிய பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும். பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

இப்போது காபி. அதிலுள்ள பாலிஃபினால்கள் என்ற சேர்மங்கள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். டீ இன்னும் மோசம். நேரம்தான் இங்கே முக்கியம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி தொந்தரவு செய்வதில்லை, ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தது செய்கிறது. காலை ஆறரைக் காபியை யாரும் உங்களிடமிருந்து பிடுங்க வேண்டியதில்லை. இட்லி வடை முடித்த கையோடு வருகிறதே, நின்றபடி சாப்பிடும் தர்ஷினி ஓட்டல் பழக்கத்துக் காபி, அதை நிறுத்துங்கள்.

டம்ளருக்குள் இருக்கும் பாலும் கணக்கில் வரும். ஃபுல் கிரீம் பாலில் கொழுப்பு 6 சதவீதம். மூன்று காபிக்கும் தயிருக்குமாக அரை லிட்டர் போனால் 30 கிராம் கொழுப்பு; அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எல்.டி.எல்.லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு. ஒரு நாளைக்கு உங்களுக்கு அனுமதிக்கத்தக்க நிறைவுற்ற கொழுப்பு மொத்தமே அவ்வளவுதான்! டோன்டு பாலில் 3 சதவீதம், டபுள் டோன்டில் 1.5. காபி நீர்த்துவிட்டதாகத் தோன்றினால் டிகாக்‌ஷனைக் கெட்டியாக இறக்குங்கள்.

தேங்காய் எண்ணெயைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அதன் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது, நெய்யைவிட அதிகம். செக்கில் ஆட்டினாலும் கொழுப்பின் இனம் மாறாது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை வாங்கிக்கொள்ளும் வேகம் குறைகிறது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய்க்குத் திரும்புங்கள்; ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். பேக்கரி பஃப்ஸும் வெண்ணெய் தோசையும் மாதத்துக்கு ஒருமுறை போதும்.

பீட்ரூட்டின் சிவப்பு இரும்பால் வந்ததில்லை. 100 கிராமில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. மாதுளையில் அதைவிடவும் குறைவு. இரண்டு பேரீச்சையிலும் ஒரு மில்லிகிராம் தேறாது. ராகியில் நாலரை மில்லிகிராம் இருந்தாலும், 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் துவர்ப்புத் தரும் டானினும் கூடவே இருந்து அதைத் தடுக்கின்றன. ராகி களி நாருக்கு நல்லது. இரும்புக்கு அதை நம்பாதீர்கள்.

இரண்டு பிரச்சினைக்கும் ஒருசேர உதவுவது பயறுதான். கொள்ளு, கறுப்புக் கொண்டைக்கடலை, காராமணி, மொச்சை எல்லாவற்றிலும் இரும்பும் உண்டு, கரையும் நாரும் உண்டு. தினம் 50 முதல் 60 கிராம், உலர்ந்த எடையில். எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, முளைகட்டினால் இரும்பைப் பூட்டி வைத்திருக்கும் ஃபைட்டேட் குறையும். பாசிப்பருப்புக் கோசம்பரி இங்கே எல்லா வீட்டிலும் செய்வதுதான். தேங்காய்த் துருவலைக் குறைத்து, எலுமிச்சையைப் பரிமாறும்போது பிழியுங்கள். அடுப்பில் கொதித்தால் வைட்டமின் சி வீணாகும். எலுமிச்சையைவிடக் கொய்யாவும் நெல்லிக்காயும் பலமடங்கு வலுவானவை; அதே சாப்பாட்டோடு அரைக் கொய்யா. புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வையுங்கள். புளிப்புக்குத்தான் இரும்பு கரையும், தோசைக்கல்லை நம்பிப் பயனில்லை. பயறு மதியம் என்றால் தயிரை இரவுக்குத் தள்ளுங்கள்.

இரவு இசப்கோல் உமி. அது பித்த நீரைப் பிடித்து வெளியேற்ற, புதிய பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்துக் கொலஸ்ட்ராலை எடுக்கும். மாத்திரை தரும் மலச்சிக்கலுக்கும் அதுவே மருந்து. ஒரு டீஸ்பூனில் தொடங்கி இரண்டு வாரத்தில் பத்து கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி வரை கூட்டுங்கள். பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து கெட்டியாகும் முன் குடித்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் தொண்டையில் சிக்கும். எந்த மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி.

இதையெல்லாம் செய்யும் முன் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைச் செய்து பாருங்கள். தைராய்டு சோம்பினால் எல்.டி.எல். ஏறும், மாதவிடாய் பெருக்கெடுக்கும், ரத்தமும் குறையும்: உங்கள் இரண்டு எண்களுக்கும் காரணம் அது ஒன்றாகவே இருக்கலாம். தைராய்டு மாத்திரை வந்தால் அதற்கும் இரும்புக்கும் நான்கு மணி நேரம் தள்ளி இருக்க வேண்டும். வைட்டமின் பி12-உம் கூடவே பாருங்கள். இரும்புக் குறை ரத்த அணுவைச் சிறிதாக்கும், பி12 குறை பெரிதாக்கும், இரண்டும் சேர்ந்தால் எம்.சி.வி. (ரத்தச் சிவப்பணுவின் சராசரி அளவு) இயல்பாகத் தெரிந்து ஏமாற்றும்.

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அதிக மாதவிடாய், கருப்பை நார்க்கட்டி, மூலம், குடல் உறிஞ்சாமை, தலசீமியா பண்பு (பரம்பரையாக வரும் ரத்தக் குறை) இவற்றில் ஒன்றை மருத்துவர் தேட வேண்டும். கொலஸ்ட்ராலைப் பன்னிரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். 162 என்பது 140-ஐ ஒட்டி வந்தால் உணவு வேலை செய்கிறது. அப்படியே நின்றாலோ, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தாலோ கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்து பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.