செய்தித்தாள் படங்கள்: மகளோடு உட்கார்ந்து எதைப் பார்க்கலாம்?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரே ஒரு படம் பார்த்துவிட்டு மகள் "ஜர்னலிசம்தான் படிப்பேன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவளுடைய அப்பாவோ "சினிமாவைப் பார்த்தா படிப்பை முடிவு செய்வது?" என்று கோபப்படுகிறார். ஆசையும் கெடக்கூடாது, உண்மை நிலவரமும் தெரிய வேண்டும், போரடிக்கவும் கூடாது, அப்படி நாலு படம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சினிமா பார்த்து ஒரு தொழில் மேல் ஆசை வருவதில் தப்பே இல்லை. அந்த ஆசை எதன் மேல் வந்தது என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். கழுத்தில் தொங்கும் கேமரா, எல்லோர் முன்னாலும் ஒரு மந்திரியை மடக்கும் கேள்வி, இவற்றின் மேலா? அல்லது ஒரு தகவல் உண்மையா பொய்யா என்று பத்துப் பேரைக் கேட்டு அலையும் வேலையின் மேலா? அதனால் படம் பரிந்துரைக்கும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று யாராவது யாரையாவது கேட்கும் காட்சி அதில் இருக்கிறதா? நாயகனின் வேலை நிருபர் என்று முதல் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டு, மீதி நேரம் காதலும் சண்டையுமாகப் போகிற படங்கள் நிறைய. பொழுதுபோக்காகப் பார்க்கட்டும், ஆனால் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முதலில் 'ரோமன் ஹாலிடே' (1953). காதல் படங்களை இப்போதுதான் ஒதுக்கினேன், ஆனால் இதில் காதலே செய்தியோடு மோதுகிறது. அப்பாவையும் கூட உட்கார வைக்கலாம். ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டு அரண்மனைக் காவலிலிருந்து நழுவிவிடும் இளவரசி, தான் யார் என்பதை மறைத்துக்கொண்டு அவளோடு சுற்றும் நிருபர், சிகரெட் லைட்டருக்குள் ஒளித்த கேமராவில் அவளுக்குத் தெரியாமல் படமெடுக்கும் நண்பர். சிரித்துக்கொண்டே பார்ப்பீர்கள். கடைசியில் கைக்கு வந்த பெரிய செய்தியை அவர் எழுதாமல் விடுகிறார், படங்களும் இளவரசியிடமே போய்ச் சேர்கின்றன. முடிந்ததும் மகளிடம் ஒரு கேள்வி போதும்: "நீயாக இருந்தால் எழுதியிருப்பாயா?" அவள் எந்தப் பக்கம் நின்றாலும் சரி. காரணம் சொல்லத் திணறுகிறாளா, சொல்லச் சொல்ல முகம் மலர்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது 'ஷாட்டர்ட் கிளாஸ்' (2003). ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, துப்பறியும் கதை போல ஓடும். நடந்த கதை இது. 'தி நியூ ரிபப்ளிக்' என்ற அமெரிக்க இதழில் ஸ்டீபன் கிளாஸ் என்ற இளைஞர் சுவையான கட்டுரைகளாக எழுதித் தள்ளினார். 1998-ல் பிடிபட்டார். அவர் எழுதிய 41 கட்டுரைகளில் 27-ல் முழுக்கவோ பாதியோ கற்பனைச் சரக்கு இருந்தது. அந்த இதழில் தகவல் சரிபார்க்கத் தனியாக ஆட்கள் இருந்தார்கள். பிறகு எப்படித் தப்பினார்? சில செய்திகளுக்கு நிருபரின் குறிப்பேட்டைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. குறிப்பேட்டையே ஜோடித்துவிட்டால் சரிபார்ப்பவர் என்ன செய்வார்?

பிடிபட்ட விதம்தான் உங்கள் மகள் பார்க்க வேண்டியது. ஒரு கட்டுரையில் கூட்டம் நடந்ததாக கிளாஸ் எழுதியிருந்த கட்டடத்துக்கே, இதழின் ஆசிரியர் அவரை அழைத்துக்கொண்டு போகிறார். விசாரித்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டடமே பூட்டியிருந்திருக்கிறது. கூட்டம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டதாக எழுதிய உணவகம் அந்த நேரத்துக்கு மூடிவிடும். இரண்டே சின்னக் கேள்விகள், கேட்க ஐந்து நிமிடம். போனில் வருவதை எல்லாம் அப்படியே நம்பி அடுத்தவருக்கு அனுப்பிப் பழகிய வயது இது. அதற்கு இதைவிட நல்ல பாடத்தை எந்த வகுப்பிலும் நான் பார்த்ததில்லை.

இந்த இரண்டும் பிடித்திருந்தால் மட்டும் 'ஆல் தி பிரசிடெண்ட்ஸ் மென்' (1976) போடுங்கள். 2 மணி 18 நிமிடம், வேகம் குறைவு. 1972 ஜூனில் வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடத்தில் நடந்த ஒரு திருட்டு முயற்சி, இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகுவதில் போய் முடிந்தது. அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு போன இரண்டு இளம் நிருபர்களின் கதை. நாட்டின் மிகப் பெரிய நூலகத்தில் இருவரும் உட்கார்ந்து, யார் என்ன புத்தகம் வாங்கிப் படித்தார் என்ற சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவார்கள். கேமரா மேலே மேலே போய், கடைசியில் அவர்கள் வட்ட மேசைகளுக்கு நடுவே இரண்டு புள்ளிகளாகிவிடுவார்கள். அவ்வளவு புரட்டியும் தேடியது கிடைக்காது.

இந்தக் காட்சியை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டும்போதெல்லாம் நான் திரையைப் பார்ப்பதில்லை, அவர்கள் முகத்தைத்தான் பார்ப்பேன். சிலர் கொட்டாவி விடுவார்கள், அது ஒன்றும் குற்றமில்லை. ஒருமுறை ஒரு பையன் கேட்டான்: "சார், அந்தச் சீட்டையெல்லாம் திரும்ப யார் அடுக்கினாங்க?" மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி மனதில் தைத்தது. அன்று மாலை அவனோடு தனியாகப் பேசினேன். நிருபராக வேண்டும் என்று வந்தவன்தான். ஆனால் அவனுக்குப் பிடித்திருந்தது ஆவணங்கள், அவற்றை வகைப்படுத்துவது, தேடுகிறவருக்கு எடுத்துக் கொடுப்பது. நூலக அறிவியல் படித்தான், இன்று அந்த வேலையில் மன நிறைவோடு இருக்கிறான். ஒரு செய்திக்குப் பின்னால் நிருபர் மட்டும் இல்லை, அம்மா. தலைப்பு வைக்கும் உதவி ஆசிரியர், பக்கம் கட்டும் லே-அவுட் ஆள், போட்டோகிராபர், "இதைப் போட்டால் வழக்கு வரும்" என்று சொல்லும் வக்கீல், பழைய செய்திகளைத் தேடிக் கொடுப்பவர் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. உங்கள் மகளின் கண் இவர்களில் யார் மேல் நிற்கிறது என்று கவனியுங்கள்.

அதே படத்தில் ஒரு தவறும் வரும். அதையும் தவறாமல் பேசுங்கள். "பத்து வரை எண்ணுகிறேன், செய்தி தப்பென்றால் போனை வைத்துவிடுங்கள்" என்று ஓர் அதிகாரியிடம் சொல்லி, அவர் வைக்காததையே உறுதிப்பாடாக எடுத்துக்கொள்வார்கள். சொன்னது அவருக்குச் சரியாகப் புரியவில்லை. செய்தியில் ஒரு விவரம் பிசகி, பத்திரிகையே ஆட்டம் கண்டது. அவசரம் என்ன செய்யும் என்று அவள் கண்ணால் பார்க்கட்டும்.

'ஸ்பாட்லைட்' (2015) இவை எல்லாவற்றையும் விட எனக்கு நெருக்கமான படம். ஆனால் அது பாதிரியார்கள் குழந்தைகளுக்குச் செய்த பாலியல் கொடுமை பற்றியது. முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். மகள் தாங்குவாள் என்று தோன்றினால் மட்டும் அவளோடு பாருங்கள், அவளைத் தனியே பார்க்க விடாதீர்கள். பாஸ்டன் குளோப் நிருபர்கள் திருச்சபையின் ஆண்டுப் பட்டியல்களை எடுத்து, அளவுகோலை வைத்து வரி வரியாக இறக்குவார்கள். எந்தப் பாதிரியார் பெயருக்கு எதிரே 'மருத்துவ விடுப்பு' என்று இருக்கிறது என்று குறித்துக்கொண்டே வருவார்கள். 13 பேர் என்று தொடங்கிய கணக்கு 87-ல் போய் நிற்கும். அந்தக் குழுவின் தலைவரே, பல ஆண்டுகளுக்கு முன்னால் இதே விஷயம் தன் கைக்கு வந்தும் அது உள்பக்கத்துச் சின்னச் செய்தியாகப் போனதை ஒப்புக்கொள்ளும் இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் கலங்கிவிடுவேன். செய்தி வெளியான மறுநிமிடம் கைதட்டல் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் போன் அடித்துக்கொண்டே இருக்கும், எடுத்தால் மறுமுனையில் இன்னொரு பாதிக்கப்பட்டவர்.

'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) நல்ல நகைச்சுவைதான், ஆனால் மூச்சுவிடாமல் ஒருவர் மேல் ஒருவர் பேசுவார்கள், சப்டைட்டிலை நம்பிப் பார்ப்பவர்களுக்கு எரிச்சல்தான் மிஞ்சும். இப்போதைக்கு வேண்டாம்.

நான் சொன்னவற்றில் நாற்காலியும் டைப்ரைட்டரும் கம்பி போனும்தான் அதிகம். இன்றைய செய்தி அறை அப்படி இல்லை. அதற்காக 'ரைட்டிங் வித் ஃபயர்' (2021) என்ற ஆவணப்படத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தலித் பெண்கள் நடத்தும் 'கபர் லஹரியா' பத்திரிகை அச்சிலிருந்து செல்போனுக்கு மாறுவதைக் காட்டுகிறது. ஆஸ்கர் பரிந்துரை வரை போன படம். போனையே முன்பின் தொடாத ஒரு பெண் அதில் வீடியோ எடுக்கப் பழகுவதை உங்கள் மகள் பார்க்க வேண்டும். ஆனால் 2022-ல் அந்தப் பத்திரிகையே, படம் எங்களை முழுமையாகக் காட்டவில்லை, ஒரு கட்சியைப் பற்றி மட்டுமே எழுதுகிறவர்கள் போலக் காட்டியிருக்கிறது என்று அறிக்கை விட்டது. இதையும் அவளிடம் சொல்லி, ஆவணப்படமே ஆனாலும் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று அவளையே யோசிக்கச் சொல்லுங்கள்.

வாரத்துக்கு ஒரு படம் போதும். முடிந்ததும் பரீட்சை வைக்காதீர்கள். கடைசிப் படத்துக்குப் பிறகு மட்டும் ஒரு சின்ன வேலை கொடுங்கள். அவளைச் சுற்றி நடந்த ஏதாவது ஒன்றை, குறைந்தது இரண்டு பேரிடம் நேரில் கேட்டு, 200 சொல்லில் எழுதச் சொல்லுங்கள். அந்த இருவரும் வேறு வேறு மாதிரி சொல்லும்போது அவள் மூன்றாவது ஆளைத் தேடிப் போகிறாளா என்று பாருங்கள். எழுதியதைத் திருத்தாமல் எனக்கு அனுப்புங்கள். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்ற பேச்சை அதை வைத்துக்கொண்டு, அவள் அப்பாவும் கூட இருக்கும்போது தொடங்கலாம்.