வீட்டுக்காரர் அமெரிக்க சிட்டிசன் ஆயிட்டார், ஊர்ல நிலம் என் பேர்ல வாங்கலாமா?

கேள்வி: சார், நாங்க நியூ ஜெர்சி எடிசன்ல இருக்கோம். போன வாரம் என் வீட்டுக்காரர் நியூவார்க்ல உறுதிமொழி எடுத்து சிட்டிசன் ஆயிட்டார். 11 வயசு பையன் (சென்னைல பொறந்தவன், கிரீன் கார்டு) அங்க குடுத்த குட்டிக் கொடிய கீழ வைக்கவே மாட்டேங்குறான். ஹால் எடுத்து 80 பேருக்கு பார்ட்டி வைக்கலாம்னு இருக்கோம், 4,000 டாலர் ஆகும் போல. பொங்கலுக்கு ஊருக்கும் போகணும். தஞ்சாவூர் பக்கம் மாமனார் நிலம் வாரிசா இவர் பேருக்கு வந்திருக்கு, அதை ஒட்டி ஆறு மா வயல் வெலைக்கு வருது. "நீ சிட்டிசன் ஆகாத, இந்தியன் பாஸ்போர்ட்லயே இரு, உன் பேர்ல வாங்கிடலாம்"ங்கிறார். நான் கிரீன் கார்டு வாங்கியும் 5 வருஷம் ஆச்சு. இனிமே டாக்ஸும் ஏறும்னு ஃப்ரெண்ட்ஸ் பயமுறுத்துறாங்க. என்ன பண்ணட்டும்?

பதில்: மொதல்ல வாழ்த்துக்கள் மேடம். கிரீன் கார்டு கியூல நம்மாளுங்க எத்தனை வருஷம் நிக்கிறாங்கன்னு எனக்கும் தெரியும், கொண்டாட வேண்டிய விஷயம்தான்.

ஆனா சார் போட்ட நில ஐடியா வேலைக்கு ஆகாது. புருஷன் அமெரிக்கன், பொண்டாட்டி இந்தியன்னு பிரிச்சு வெச்சுக்கிட்டா ஊர்ல வயல் வாங்கிக்கலாம்னு நெறைய பேர் நம்பிட்டு இருக்காங்க. ஃபெமா (அந்நியச் செலாவணி) சட்டப்படி ஓசிஐ, அதாவது வெளிநாட்டு சிட்டிசன் ஆயிட்டு இந்தியா குடுக்குற கார்டு வெச்சிருக்கிறவங்க மட்டும் இல்ல, என்ஆர்ஐ, அதாவது வெளிநாட்டுல குடியிருக்குற இந்தியக் குடிமக்களும் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. நீங்க எடிசன்ல குடித்தனம் பண்ற வரைக்கும் கைல எந்த பாஸ்போர்ட் இருந்தாலும் அந்த ஆறு மா உங்களுக்கு இல்ல. ரெஜிஸ்டர் ஆபீஸ்ல யாரும் கேக்காம பதிஞ்சு குடுத்துட்டாலும் பின்னாடி மாட்டுனா அபராதம் சம்பந்தப்பட்ட தொகைல 3 மடங்கு வரைக்கும் போகும். ஃபிளாட், வீட்டு மனை தாராளமா வாங்குங்க. மாமனார் நிலமும் எங்கயும் போகாது, வாரிசா வந்ததை சார் வெச்சுக்கலாம், விக்கிறப்ப மட்டும் இந்தியாலயே இருக்குற இந்தியக் குடிமகனுக்குத்தான் விக்கணும்.

மாமியார் பேர்ல வாங்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. அவங்க ஊர்ல இருந்தா வாங்கலாம், ஆனா பணத்தை நெசமாவே அவங்களுக்குன்னு குடுத்துட்டு கைய கழுவிடணும், காசு உங்களோடது பேரு மட்டும் அவங்களோடதுன்னா அது பினாமி. 2025 கணக்குப்படி ஒருத்தர் 19,000 டாலர் வரைக்கும் குடுத்தா இங்க கிஃப்ட் ரிட்டர்ன் (பரிசு குடுத்த கணக்கு) போட வேண்டாம், நீங்களும் தனியா குடுத்தா 38,000. மருமகள் மகன் குடுக்குறதுக்கு இந்தியாலயும் அவங்களுக்கு டாக்ஸ் கிடையாது. ஆனா அந்த நிலத்தை அவங்க உயிரோட இருக்குறப்ப உங்களுக்கு தானமா எழுதித் தர முடியாது, வாரிசா வந்தாத்தான் உண்டு, உயில் இல்லன்னா நாத்தனாருக்கும் சம பங்கு, அந்தப் பேச்சை இப்பவே பேசிடுங்க, பின்னாடி பேசுனா சண்டைதான் வரும்.

டாக்ஸ் ஏறாது. கிரீன் கார்டு வந்த அன்னைக்கே உலகத்துல எங்க வர்ற வருமானத்துக்கும் நீங்க ஐஆர்எஸ்க்கு (அமெரிக்க வரித் துறைக்கு) கணக்கு சொல்லணும், சிட்டிசன் ஆனதால அதுல புதுசா ஒண்ணும் இல்ல. எனக்கு பயம் வேற. ஊர் பேங்க் கணக்கு எல்லாம் சேத்து வருஷத்துல ஒரு நாளாவது 10,000 டாலரை தாண்டியிருந்தா எஃப்பார்னு வெளிநாட்டு பேங்க் கணக்கை சொல்ற அமெரிக்க ஃபார்ம் போடணும், இத்தனை வருஷமா போட்டீங்களா? ஊர்ல இருக்குற பழைய சேவிங்ஸ் கணக்கை என்ஆர்ஓவா (என்ஆர்ஐக்கான ரூபாய் கணக்கா) மாத்துனீங்களா? ஊர் மியூச்சுவல் ஃபண்ட் இருந்தா அதுக்கு ஐஆர்எஸ் கேக்குற ஃபார்ம் 8621னு ஒரு தலைவலி தனியா இருக்கு. இதெல்லாம் விட்டுப் போயிருந்தா ரெண்டு நாட்டு டாக்ஸும் தெரிஞ்ச சிபிஏ (ஆடிட்டர்) ஒருத்தரை உடனே பாருங்க.

பையன் விஷயம் சந்தோஷமான விஷயம். 18 வயசுக்குள்ள, கிரீன் கார்டு, உங்களோடயே இங்க இருக்கான், அதனால அப்பா உறுதிமொழி எடுத்த அன்னைக்கே அவனும் சட்டப்படி சிட்டிசன் ஆயிட்டான்! கொடிய விடாம புடிச்சிருக்கிறதுல தப்பே இல்ல. அவனுக்கு தனி சர்டிபிகேட் வாங்குற என்-600க்கு 1,300 டாலருக்கு மேல ஆகும், அவசரமில்ல, மொதல்ல பாஸ்போர்ட் எடுங்க, அவனுக்கு 135, சாருக்கு 165. அப்புறம் பழைய இந்தியன் பாஸ்போர்ட்டை சரண்டர் பண்ணிட்டு ஓசிஐ, தலைக்கு 275, சர்வீஸ் சார்ஜ் தனி. சார் இனிமே இந்தியன் பாஸ்போர்ட்ல ஒரு தடவை கூட போகக் கூடாது, அது குத்தம். ஓசிஐ வர லேட் ஆச்சுன்னா இ-விசால போயிட்டு வாங்க, ஆனா அமெரிக்கன் பாஸ்போர்ட் கைக்கு வராம பொங்கல் டிக்கெட் போட்டுடாதீங்க.

ஆக பேப்பருக்கே 850 போயிடுது. அதை எடுத்து வெச்சுட்டு பார்ட்டிக்கு வாங்க. கையிருப்புல இருந்து வர்ற காசுன்னா எனக்கு ஒண்ணும் இல்ல, கிரெடிட் கார்டுல தேய்க்கிறதுன்னா வேண்டாம். நில ஐடியாதான் போச்சே, நீங்க எதுக்கு இன்னும் காத்திருக்கீங்க? ஆன்லைன்ல 710 டாலர் கட்டி என்-400 (சிட்டிசன் ஆகுற விண்ணப்பம்) போடுங்க. இப்போதைக்கு நெருங்குன பத்து பேரை வீட்டுக்கு கூப்பிட்டு ஒரு பிரியாணியோட முடிச்சுட்டு, உங்க உறுதிமொழியும் முடிஞ்சப்புறம் ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே ஹாலா புடிச்சா ஒரு வாடகை மிச்சம்.