லீவு நாள் யாருடைய நாள்?

மனநலப் பகுதி: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தாதியின் பதில்கள்

கேள்வி: அம்மா, எனக்கு 26 வயது. பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், நான்கு நாள் வேலை, இரண்டு நாள் லீவு. வீடு பாலத்துக்கு அப்பால், பிறையில். மோட்டார் சைக்கிளில்தான் போய் வருகிறேன். லீவு முடிந்து வேலைக்குப் போகும்போதுதான் களைப்பு அதிகம். சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுகை வருகிறது. தோழி யோகா வகுப்புக்குக் கூப்பிடுகிறாள். அதற்கெல்லாம் எனக்கு நேரம் எங்கே? போன லீவில் செய்ததைக் கீழே எழுதியிருக்கிறேன், நீங்களே பாருங்கள். – வாசகி, பிறை

பதில்: மகளே, யோகாவை இப்போதைக்கு விட்டுவிடு. நல்ல விஷயம்தான். ஆனால் இன்று உன் நாளில் அது இன்னொரு வேலையாகத்தான் வந்து சேரும்.

நீ எழுதிய பட்டியலைப் பார்த்தேன். நைட் ஷிப்ட் முடிந்து காலை எட்டரைக்கு வீடு. ஒன்பதுக்கு அம்மாவை இனிப்புநீர்ச் சோதனைக்கு கிளினிக் அழைத்துப் போனாய். அப்புறம் பாசார். மத்தியானம் தம்பியின் கல்விக் கடன் பாரம். சாயங்காலம் சித்தி மகனுக்குக் கணக்குப் பாடம். ராத்திரி சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள். மறுநாள் வீடு கழுவினாய், கோயிலுக்குப் போனாய், துணி மடித்தாய். ஷிப்ட் வேலை செய்பவர்களுக்குத் தொடர்ந்து குறைந்தது 30 மணி நேரம் கிடைத்தால் அது ஒரு ஓய்வு நாள் என்று நம் மலேசிய வேலைச் சட்டம் கணக்கு வைக்கிறது. முதலாளி உனக்கு அதைக் கொடுத்துவிட்டார். வீட்டில்தான் அது ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போகிறது.

உன் வீட்டார் நல்லவர்கள்தான், சந்தேகமே இல்லை. "பிள்ளை இன்றைக்கு லீவு" என்றால் சும்மா இருக்கிறாள் என்றுதான் அவர்களுக்குப் படும். காலை ஒன்பது மணி உனக்கு நடுராத்திரி என்பது அவர்களுக்குத் தெரியாது, நீயும் சொல்லவில்லை. மூத்த பெண் முகம் சுளிக்காமல் செய்தால் அவளால் முடியும் என்றே எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். அதனால் சொல்லித்தான் ஆகவேண்டும். கோபத்தில் சொல்லாதே. ஷிப்ட் அட்டவணையை ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டு. நீ தூங்கும் நேரத்தைச் சிவப்புப் பேனாவால் கட்டம் போட்டுக் காட்டு. "அம்மா, நைட் முடிஞ்ச அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் எனக்கு ராத்திரி. அப்ப என்னை எழுப்பாதீங்க" என்று சொல். கிளினிக் தேதியை உன் இரண்டாவது லீவு நாளுக்கு மாற்றித் தரும்படி முகப்பில் கேள். லைசென்ஸ் எடுத்த தம்பி அம்மாவைக் கூட்டிப்போகட்டும், அவனுக்கும் அவர் அம்மாதானே.

தூக்கத்தைப் பற்றி. வார்டில் நைட் பார்த்த காலத்தில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி மாட்டித்தான் நான் படுப்பேன். வெளிச்சம் பட்டால் உடம்பு விடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். கொப்பியை ஷிப்டின் முதல் பாதியோடு நிறுத்து. குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதன் காஃபினில் ஏறக்குறைய பாதி உடம்பிலேயே இருக்கும். கடைசி நைட் முடிந்த காலையில் நாலு மணி நேரம் போலத் தூங்கி எழுந்துவிடு, அன்று ராத்திரி சீக்கிரம் படு. அப்படிச் செய்தால் இரண்டாவது லீவு நாள் முழுசாக உன் கையில் இருக்கும். அதிலும் ஒரு பாதியை யாருக்கும் கொடுக்காதே. தண்ணீர்மலைப் பக்கம் போய் நடந்துவிட்டு வா, இல்லை வீட்டிலேயே படுத்துக்கொண்டு படம் பார், உன் இஷ்டம்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய கவலை. விடிய விடிய விழித்துவிட்டு 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தை மோட்டார் சைக்கிளில் தாண்டாதே, மகளே. ஒரு நொடி கண் அசந்தால் போதும். நைட் வாரத்திலாவது கம்பெனி பஸ்ஸில் வா. பஸ் இல்லையென்றால் கிளம்புமுன் ஓய்வறையில் இருபது நிமிடம் தூங்கிவிட்டு வா.

இப்படி ஒழுங்காகத் தூங்கியும் அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் வந்தால், எதிலும் மனம் ஒட்டாமல் போனால், களைப்பு என்று தள்ளிவிடாதே. அம்மாவோடு போகும் அதே அரசாங்க கிளினிக்கில் மனநலச் சோதனையும் உண்டு. குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். சுகாதார அமைச்சின் 2023 ஆய்வின்படி நாட்டில் ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு மனச்சோர்வு இருக்கிறது, 2019இல் இருந்ததைப் போல இரண்டு மடங்கு. அங்கே போய் உட்கார வெட்கப்பட ஒன்றுமில்லை. ராத்திரியில் மனம் தாங்கவில்லை என்றால், உயிரோடு இருந்து என்ன என்று தோன்றினால், மனம் விட்டுப் பேசக் காது கொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணுக்கு உடனே அழை. 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் லைன் எண் 15555.

கேள்வி: செந்தூலிலிருந்து பங்சார் சவுத்துக்கு வேலைக்குப் போகிறேன். ராத்திரி பதினொரு மணிக்கும் மேனேஜரின் வாட்ஸ்அப் வருகிறது. சட்டத்தில் ஏதாவது வழி இருக்கிறதா? – வாசகர், கோலாலம்பூர்

பதில்: தம்பி, வேலைச் சட்டத்தைத் திருத்தியபின் 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம், முன்பு 48. ராத்திரி மெசேஜ் அனுப்பக்கூடாது என்று அந்தத் திருத்தத்தில் இல்லை. ஆனால் வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரச் சொல்லி நீ எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும், மறுத்தால் காரணமும் சொல்லவேண்டும்.

அதற்கு முன்னால் மேனேஜரிடம் நேரிலேயே கேட்டுப் பார்: "எது அன்றைக்கே பதில் வேண்டியது, எது காலையில் பார்த்தால் போதும்?" பாதிப் பேர் ஞாபகம் வந்ததும் தட்டிவிடுகிறார்கள், உடனே பதில் வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதுகூட இல்லை. அவசரம் என்றால் போன் அடிக்கச் சொல். பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப் அறிவிப்பை அடைத்துவிடு. உன் குழுவில் இன்னும் இரண்டு பேருக்கு இதே தொல்லை இருந்தால் சேர்ந்தே போய்ப் பேசுங்கள், தனியாகக் கேட்பதைவிட அது சுலபம். எழுத்தில் விண்ணப்பிக்கும் நிலை வந்தால் தேதி போட்ட நகல் ஒன்றை உன்னிடம் வைத்துக்கொள்.