படிவத்தில் அம்மாவின் கையெழுத்து

கேள்வி: என் மகன் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ, கணிதம்–உயிரியல் பிரிவில் படிக்கிறான். சென்ற மாதம்தான் பதினேழரை வயது நிரம்பியது. ஊருக்கு வெளியே மைதானத்தில் பயிற்சி கொடுக்கும் ஒருவரிடம் ஆறு மாதமாக விடியற்காலையில் ஓடப் போகிறான். அரையாண்டுத் தேர்வு முடிந்ததிலிருந்து, "இனிப் பள்ளிக்கூடம் போக மாட்டேன், அக்னிவீருக்குப் பத்தாம் வகுப்பே போதும், முழு நேரமும் பயிற்சி எடுத்தால்தான் தேற முடியும்" என்கிறான். என் தம்பி பத்தாம் வகுப்போடு பட்டாளத்தில் சேர்ந்து, பென்ஷனோடு திரும்பி வந்து வீடு கட்டியவன். "மாமாவைப் பார்" என்று அவனையே காட்டிப் பேசுகிறான். பதினெட்டு நிரம்பாததால் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். லாரி ஓட்டும் என் கணவர், "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போட்டால் பிள்ளையை நானே அனுப்பியதாகிவிடும். போடாவிட்டால் காலம் முழுக்க என்னையே குறை சொல்வான். நான் என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பத்தூர் மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் மகன் இரண்டு கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டு உங்கள் கையில் கொடுத்திருக்கிறான். ராணுவத்தில் சேரலாமா என்பது ஒன்று, அதற்காகப் பிளஸ் டூவைப் பாதியில் விடலாமா என்பது மற்றொன்று. முடிச்சை அவிழ்த்துவிட்டால் பாதி பாரம் குறையும். பள்ளியில் என்.சி.சி. பொறுப்பு ஆசிரியராகவும் பிறகு தலைமையாசிரியராகவும் இருந்த எனக்கு முதல் கேள்வியில் எந்த மறுப்பும் இல்லை. உங்கள் பக்கத்து வேலூர் மாவட்டத்தில், தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு ஒருவரைப் படைக்கு அனுப்பியதால் 'ராணுவப்பேட்டை' என்றே அழைக்கப்படும் கம்மவான்பேட்டை இருக்கும்போது, சிப்பாய் வேலையைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? இரண்டாவது கேள்விக்கு மட்டும், கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். 2023-ஆம் ஆண்டிலிருந்து ராணுவத்தின் அக்னிவீர் தேர்வில் கணினி வழி எழுத்துத் தேர்வு முதலில் வருகிறது, ஓட்டமும் உடல் தகுதியும் அதன் பிறகுதான். இணையப் பதிவு பிப்ரவரி, மார்ச் வாக்கில் தொடங்குகிறது. எழுத்துத் தேர்வு 2023, 2024 ஆண்டுகளில் ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்கியது, 2025-இல் ஜூன் கடைசி நாளில்தான் தொடங்கியது. அதில் தேறியவர்களுக்கே ஆள்சேர்ப்பு முகாம், அதன் பின் மருத்துவப் பரிசோதனை, தகுதிப் பட்டியல், பயிற்சி மையத்துக்கு அழைப்பு என்று மாதங்கள் நகரும். பிளஸ் டூ பொதுத் தேர்வோ மார்ச் மாதத்தையொட்டி முடிந்துவிடுகிறது. ஆகவே உங்கள் மகன் இன்றைக்கே பள்ளியை விட்டு நின்றாலும் ஒரு நாள்கூட முன்னதாகச் சீருடை போட முடியாது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் படித்த படிப்பைத் தேர்வு எழுதும் நேரத்தில் கைவிட்டு, அதற்கு ஈடாக எதையுமே பெறாமல் போவான். வயதைக் காட்டி அவசரப்படுத்துகிறவர்களிடம், உச்ச வரம்பு 21-க்குக் குறைவில்லை என்பதைச் சொல்லுங்கள். அவனுக்கு இந்தக் கதவு இப்போதுதான் திறந்திருக்கிறது.

அடுத்தது மாமாவின் கதை. அது உண்மையான கதைதான், ஆனால் அந்தப் பாதை இப்போது இல்லை. பழைய முறையில் ஒரு சிப்பாய் பதினைந்து ஆண்டு பணி முடித்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற்றுவிடுவார். அதே பதினைந்து ஆண்டு அவருடைய பத்தாம் வகுப்புக்கும் மதிப்பைக் கூட்டியது. முன்னாள் படைவீரர்களுக்கென ஒதுக்கப்பட்ட மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில், பட்டப்படிப்பு கேட்கப்படும் இடங்களுக்குக்கூட அவரைப் பரிசீலிக்க விதி இடம் தருகிறது. எங்கள் பள்ளியில் பிளஸ் டூவைப் பாதியில் விட்டுப் பட்டாளத்துக்குப் போன மாணவர் ஒருவர், முப்பத்தைந்து வயதைத் தாண்டி, மாற்றுச் சான்றிதழின் நகல் கேட்டு என் அறைக்கு வந்தார். பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துத் தூசு தட்டினோம். அவர் பெயருக்கு நேரே, 'படிப்பை இடையில் நிறுத்தியவர்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே, "அப்பவே முடிச்சிருக்கலாம் சார்" என்றார். ஓய்வூதியம் மாதந்தோறும் வந்துகொண்டிருந்ததால் அவரால் சிரிக்க முடிந்தது.

2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட, அக்னிவீரர்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தில் பணிக்காலம் நான்கே ஆண்டு. அது முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் நிரந்தரப் படையில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்பது அறிவிக்கப்பட்ட விதி. மற்றவர்களுக்கு ஓய்வூதியம், பணிக்கொடை, முன்னாள் படைவீரர் தகுதி, ராணுவ கேன்டீன், மருத்துவ வசதி எதுவும் கிடையாது. மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 10 சதவீத இட ஒதுக்கீடு 2022-இலேயே அறிவிக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதுவும் போட்டியிட்டுப் பெற வேண்டிய இடம்தான். நான்கு பேரில் மூவர் இருபத்திரண்டு வயதில் ஊர் திரும்பும் திட்டத்தில், திரும்பி வரும் அன்று கையில் என்ன சான்றிதழ் இருக்கிறது என்பது, மாமாவின் காலத்தில் இருந்ததைவிடப் பல மடங்கு முக்கியமாகிவிட்டது.

பணத்தைப் பற்றி மைதானங்களில் கொஞ்சம் ஊதிச் சொல்கிறார்கள். முதல் ஆண்டு மாத ஊதியம் 30,000 ரூபாய். அதில் 30 சதவீதம், பணி முடிவில் மொத்தமாகக் கிடைக்கும் சேவா நிதிக்குப் பிடித்தம் போக, கைக்கு வருவது 21,000. நான்காம் ஆண்டில் ஊதியம் 40,000, கைக்கு 28,000. கடைசியில் கிடைக்கும் என்று சொல்லப்படும் 11.71 லட்சத்தில், வட்டி நீங்கலாகப் பாதி உங்கள் மகனின் சொந்தப் பிடித்தம், மறுபாதிதான் அரசு போடுவது. பணிக்காலத்துக்கு 48 லட்ச ரூபாய் காப்பீடு உண்டு. அதற்கு அவன் கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டியதில்லை. பிடிக்கவில்லை என்று பாதியில் கிளம்பி வரும் வேலையும் இது இல்லை. தனிப்பட்ட காரணத்தால் முன்கூட்டியே விடுவிப்பது அரிதான சூழல்களில் மேலிட அனுமதியோடுதான் நடக்கும், அப்போது அரசின் பங்கு கிடைக்காது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு இது குறைந்த பணமில்லை, நானும் மறுக்கவில்லை. இருபத்தொன்பது வயதிலும் அந்தப் பணம் இருக்குமா என்பதை மட்டும் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பத்தாம் வகுப்பே போதும் என்பது பொதுப்பணிப் பிரிவுக்குப் பொருந்தும். மொத்தத்தில் 45 சதவீதமும் பாடத்துக்கு 33 சதவீதமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் உங்கள் மகன் இப்போது படிக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் ஆகியவற்றை மொத்தத்தில் 50, பாடத்துக்கு 40 சதவீதத்தோடு முடித்தால் தொழில்நுட்பப் பிரிவுக்கும் வழி கிடைக்கிறது. மொத்தத்தில் 60, பாடத்துக்கு 50 சதவீதம் எடுத்தால் எழுத்தர், பண்டகக் காப்பாளர் பிரிவும் உண்டு. பத்தாம் வகுப்போடு சேருகிறவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பெற அரசு வழி அறிவித்திருக்கிறது என்று அவன் வாதிடலாம். அது பள்ளியில் படிப்பைத் தொடர முடியாமல் போனவர்களுக்கு நல்ல ஏற்பாடு. செய்முறைத் தேர்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் மாணவன், எல்லைச் சாவடியில் உட்கார்ந்து அதே பாடங்களை மறுபடி ஏன் தொடங்க வேண்டும்?

இனிக் கையெழுத்துக்கு வருவோம். சில மாதங்களில் அவனுக்குப் பதினெட்டு நிரம்பிவிடும், அதன் பிறகு உங்கள் கையெழுத்தை யாரும் கேட்கப் போவதில்லை. உங்களிடம் இருக்கும் இந்தச் சிறிய அதிகாரத்தை 'மாட்டேன்' என்ற ஒரு சொல்லில் செலவழித்துவிட வேண்டாம். பதிவு தொடங்கியதும் விண்ணப்பிக்கட்டும், கட்டணத்தை நீங்களே கொடுங்கள். பள்ளிக்கு வருகை குறையாமல் போய்ப் பொதுத் தேர்வு அனைத்தையும் எழுதினால், சேர்க்கைப் படிவம் வரும் நாளில் எந்தப் பேச்சும் இல்லாமல் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி போடவும் வேண்டும். தேர்வு முடிந்ததும் வேறு காரணம் தேடினால், அவன் பிறகு உங்களை நம்ப மாட்டான். உயிருக்கு ஆபத்து உள்ள வேலை என்ற பயம் உங்கள் கடிதத்தில் எழுத்தில் இல்லாவிட்டாலும் எனக்குத் தெரிகிறது. அதை மதிப்பெண், சான்றிதழ் என்ற பேச்சுக்குள் ஒளிக்காமல் அவனிடமே நேராகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகனுக்கும் ஒரு வார்த்தை. 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடித்தால்தான் முழு 60 மதிப்பெண். 400 மீட்டர் தடத்தில் சுற்றுக்கு 82 வினாடி. பத்து முறை கம்பியில் தொங்கி உடலை உயர்த்தினால் 40. இதற்குக் காலையில் ஒன்றரை மணி நேரம் போதும், மீதி நாள் முழுக்க மைதானத்தில் இருந்தால் முழங்கால்தான் தேயும். எழுத்துத் தேர்வில் கணிதமும் அறிவியலும் வருகின்றன, அவற்றை உனக்கு இலவசமாகக் கற்றுத் தரும் இடம் உன் பள்ளிக்கூடம். முகாமுக்குப் போகும்போது, புகைப்படம் ஒட்டித் தலைமையாசிரியர் கையொப்பமிட்ட நன்னடத்தைச் சான்றிதழும் கேட்பார்கள். அந்தக் கையொப்பத்துக்காக நீ திரும்ப வர வேண்டியதும் அதே பள்ளிக்கூடத்துக்குத்தான்.

கேள்வி: பிளஸ் ஒன் வணிகவியல் படிக்கும் மாணவி நான். பெண்களும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேரலாம் என்கிறார்கள். இந்தப் பிரிவில் படித்துக்கொண்டு விண்ணப்பிக்க முடியுமா? அல்லது இப்போதே அக்னிவீருக்குப் போய்விடலாமா?

– மாணவி, தேனி மாவட்டம்

பதில்: முடியும் மகளே. புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள அந்த அகாடமியில் பெண்கள் 2022 முதல் பயில்கிறார்கள், முதல் அணி 2025 மே மாதம் தேறி வெளியே வந்தது. தரைப்படைப் பிரிவுக்கு எந்தப் பாடப் பிரிவில் பிளஸ் டூ படித்தாலும் தகுதி உண்டு. கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் தேவை. பதினாறரை முதல் பத்தொன்பதரை வயதுக்குள், ஆண்டுக்கு இரண்டு முறை மத்திய தேர்வாணையம் நடத்தும் தேர்வை, பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். ஆனால் சேரும் நாளில் பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும்.

இரண்டு தடைகளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எழுத்துத் தேர்வின் 900 மதிப்பெண்ணில் 300 கணிதத்துக்கு, அதுவும் பிளஸ் டூ தரத்தில். உன் பிரிவில் கணிதம் இல்லையென்றால் தனியாகப் படிக்க வேண்டும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். இப்போதிருந்தே ஆங்கில நாளிதழ் ஒன்றைத் தினமும் படி. தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். இது கைகூடாவிட்டாலும், பட்டப்படிப்புக்குப் பிறகு, பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு இன்னொரு தேர்வு இருக்கிறது. ராணுவக் காவல் பிரிவில் பெண் அக்னிவீராகச் சேரவும் பத்தாம் வகுப்பு போதும். அதற்கும் வயது வரம்பு பதினேழரை முதல் குறைந்தது 21 வரை என்பதால், பிளஸ் டூவை முடித்துவிட்டு யோசிக்க உனக்கு நேரம் இருக்கிறது.

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்த என் மகனை முகாமில் தேற வைப்பதாக ஒருவர் மூன்று லட்சம் கேட்கிறார். அசல் சான்றிதழ்களைப் பிணையாகத் தன்னிடம் கொடுத்து வைக்கச் சொல்கிறார். நம்பலாமா?

– வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: வேண்டாம். தேர்வுக் கட்டணத்தைத் தவிர இந்த ஆள்சேர்ப்பில் யாருக்கும் எந்தப் பணமும் கொடுக்க வேண்டியதில்லை. எழுத்துத் தேர்வு கணினியில் நடக்கிறது, ஓட்டத்தில் கடிகாரம்தான் முடிவு சொல்கிறது. இதுபோன்ற ஆட்கள் பல பேரிடம் வாங்கி வைத்துக்கொண்டு, சொந்த முயற்சியில் தேறிய பையனின் பணத்தை மட்டும் தன் உழைப்புக் கூலி என்று வைத்துக்கொள்வார்கள். தேறாதவன் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்க மாட்டார்கள். சென்னை, கோவை, திருச்சி ஆகிய ஊர்களில் ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகங்கள் உள்ளன. ஐயம் இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள், அந்த நபரைப் பற்றிக் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். அசல் சான்றிதழ்களை ஏற்கெனவே கொடுத்திருந்தால், இதைப் படித்த கையோடு போய் வாங்கி வந்துவிடுங்கள். முகாமில் அவற்றைக் காட்டாத பையனை ஓடவே விட மாட்டார்கள்.