பாட்டு ஓட, பாடமும் ஏறுமா?

வணக்கம் ஐயா,

பகலில் வேலை, இரவில் கணக்கியல் டிப்ளோமா. பாட்டுப் போட்டால்தான் புத்தகத்தின் முன் உட்காரவே முடிகிறது. ஆனால் மறுநாள் எம்ஆர்டி ரயிலில் நினைத்துப் பார்த்தால் பாட்டு வரிதான் வருகிறது, பாடம் வருவதில்லை. மேற்கத்திய இசைமேதை மோட்சார்ட்டின் இசையைக் கேட்டால் ஞாபகசக்தி கூடும் என்கிறாள் தோழி. உண்மையா?

உட்லண்ட்ஸ் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மோட்சார்ட் கதை 1993இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சின்னக் கட்டுரையில் தொடங்கியது. 36 கல்லூரி மாணவர்கள், 10 நிமிட இசை, அப்புறம் காகிதத்தை மடித்து வெட்டினால் என்ன வடிவம் வரும் என்பது போன்ற சோதனை. கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலனும் கால் மணி நேரத்தில் கரைந்துவிட்டது. படித்தது நினைவில் நிற்குமா என்று அவர்கள் பார்க்கவே இல்லை. ஆனாலும் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க நிதி கேட்டார்! மனத்தைக் கிளப்பிவிடும் எந்த இசைக்கும் அந்தப் பலன் உண்டு என்று பின்னால் வந்த ஆய்வு சொன்னது.

உங்கள் பாட்டு உங்களை நாற்காலிவரை கொண்டுவந்து விடுகிறது. சரி, அதன் வேலை அதோடு முடிந்தது. தே கலக்கும்போது இரண்டு பாட்டு கேளுங்கள், புத்தகத்தைத் திறந்ததும் நிறுத்திவிடுங்கள்.

பாடம் ஆங்கிலம், பாட்டு தமிழ், இரண்டும் எங்கே மோதப்போகிறது என்று தோன்றலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். படிக்கும்போது சொற்களை மனத்துக்குள் ஒலித்துப் பார்க்கிறோம். காதில் விழும் சொல்லும் அங்கேதான் வந்து நிற்கிறது. புரியாத மொழிப் பேச்சுகூட, வரிசையாக நினைவில் வைப்பதைக் கெடுக்கிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. தெரிந்த பாட்டென்றால் கேட்கவே வேண்டாம், கூடவே பாட ஆரம்பித்துவிடுவீர்கள். துணி மடிக்க, ரசீது அடுக்கப் பாட்டு நல்ல துணை. போர்க்காலத்தில், 1940இல், பிபிசி தொழிற்சாலைகளுக்காகவே ஓர் இசை நிகழ்ச்சி தொடங்கியது. (இதை எழுத உட்கார்ந்தபோது ஒலி 96.8 வானொலி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது வாக்கியத்தில் அணைத்தேன்.)

ஞாபகத்துக்குப் பாடத்தையே பாட்டாக்குங்கள். எட்டுத்தொகை எவை என்று கேட்டால் 'நற்றிணை நல்ல குறுந்தொகை' என்று அந்த வெண்பா தானாக நாக்கில் வருகிறது. ஒரு நூலை விட்டால் சீர் இடறிக் காட்டிக்கொடுத்துவிடும். வெண்பா இல்லாமல் சொல்லச் சொன்னால் ஐந்தோடு நின்றுவிடுவேன். சொத்துக் கணக்கு விதியை எடுத்துக்கொள்ளுங்கள்: உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு. (பற்று என்றால் டெபிட், வரவு என்றால் கிரெடிட்.) தாளம் அதிலேயே இருக்கிறது. நாளைக் காலை ரயிலில் புத்தகத்தைத் திறக்காமல் முணுமுணுத்துப் பாருங்கள். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.