பழைய சரித்திரப் படம் ஒன்றைச் சீரமைத்து ப்ளூ-ரேயில் வெளியிட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது, எதில் கவனமாக இருக்க வேண்டும்?

மென்பொருளைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். முதலில் கையில் இருக்கும் படச்சுருள் எந்தத் தலைமுறை என்று பாருங்கள். கேமராவில் ஓடிய மூல நெகட்டிவ் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லையென்றால் அதிலிருந்து எடுத்த பாசிட்டிவ் நகலான இன்டர்பாசிட்டிவ், அதுவும் இல்லையென்றால் அந்த நகலிலிருந்து மறுபடி எடுத்த டூப் நெகட்டிவ். தியேட்டரில் ஓடிய பிரிண்ட் கடைசி வழிதான். கான்ட்ராஸ்ட் ஏறி, நிழலில் விவரமே இருக்காது, ரீல்களின் தொடக்கமும் முடிவும் தேய்ந்திருக்கும். எதுவும் முழுசாகக் கிடைக்காவிட்டால், இருக்கும் எல்லாவற்றையும் ஷாட் ஷாட்டாக ஒப்பிட்டு, எதற்கு எது நல்லது என்று குறித்துவையுங்கள்.

டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் ஃபிலிமின் அடித்தளமான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது, சுருள் சுருங்கியிருக்கலாம் என்று பொருள். சுருங்கிய சுருளைப் பல்சக்கரத்தில் ஓட்டினால் ஓரத் துளைகள் கிழியும். பல்சக்கரம் இல்லாத ஸ்கேனரில்தான் ஓட்ட வேண்டும். கீறல்களுக்கு வெட் கேட் (ஃபிலிமைத் திரவத்தில் நனைத்தபடி ஸ்கேன் செய்யும் முறை) கேளுங்கள். அதில் பயன்படும் திரவத்தின் ஒளிவிலகல் எண் ஃபிலிமின் அடித்தளத்துக்கு நெருக்கமானது என்பதால், கீறலை அது நிரப்பியதும் ஒளி சிதறாமல் போய்விடும். படம் பதிந்திருக்கும் எமல்ஷன் படலத்தையே சுரண்டிய கீறல் மட்டும் இதற்கு மசியாது. 4096 × 3112 அளவில் 10 பிட்டில் எடுத்தால் ஒரு ஃப்ரேமே சுமார் 51 எம்பி. இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 ஃப்ரேம்கள், அதாவது ஏறக்குறைய 11 டெராபைட். நகலுக்கும் சேர்த்து இடம் ஒதுக்குங்கள்.

சரித்திரப் படங்கள் அதிகம் கெடுவது தூசி நீக்கும் கட்டத்தில்தான். முன்னும் பின்னும் இல்லாமல் ஒரே ஃப்ரேமில் மட்டும் தெரிவது தூசி என்பதுதான் தானியங்கிக் கருவியின் கணக்கு. வீசும் வாளின் நுனி, திரும்பும்போது மின்னும் தோடு, தீப்பந்தத்தின் பொறி, மழைத்துளி எல்லாமே அந்தக் கணக்கில் தூசிதான்! வாள் சண்டையில் கத்தி பாதியில் மறைந்து மறுபடி முளைப்பது இதனால்தான். அசைவு குறைந்த ஷாட்களுக்கு மட்டும், அதுவும் குறைந்த அளவில், தானியங்கியை விடுங்கள். சண்டை, நடனம், தீப்பந்தக் காட்சிகளுக்குக் கைவேலைதான். கருவி நீக்கியதை மட்டும் கறுப்புப் பின்னணியில் தனியாக ஓட்டிப் பாருங்கள்; புள்ளிகளுக்கு நடுவே நகையின் வடிவமோ விரலின் ஓரமோ தெரிந்தால் அந்த ஷாட்டை மூல ஸ்கேனிலிருந்து மறுபடி செய்யுங்கள். கிரெயினை, அதாவது ஃபிலிமுக்கே உரிய பொடித் துகள்களை, துடைக்கவே வேண்டாம். அதோடு பட்டின் நெசவும் முகத்தின் தோலும் போய், நடிகர்கள் மெழுகு பொம்மையாகிவிடுவார்கள். ஒரு காட்சி கரைந்து அடுத்தது தோன்றும் டிஸால்வ் இடங்கள் மட்டும் திடீரென மங்கலாகத் தெரியும். அவை ஆப்டிகலாக, அதாவது ஃபிலிமை இன்னொரு ஃபிலிமில் படமெடுத்து, நகலெடுத்துச் சேர்த்தவை என்பதே காரணம். அந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், முற்றிலும் மறைக்க முயன்றால் மோசமாகும்.

நிறத்துக்கு நெகட்டிவை மட்டும் நம்பாதீர்கள். பகலில் எடுத்து, பிரிண்டில் இருட்டாக்கி இரவாகக் காட்டிய காட்சிகள் நெகட்டிவில் பட்டப்பகலாகவே இருக்கும். தெரியாமல் கிரேடிங் (நிறமும் வெளிச்சமும் சரிசெய்வது) செய்தால் நிலா வெளிச்சத்தில் சந்திக்கும் காதலர்கள் உச்சி வெயிலில் நிற்பார்கள். டெக்னிகலர் சாய அச்சுப் பிரிண்ட் ஏதேனும் இருந்தால் நல்ல வழிகாட்டி, அதன் நிறம் எளிதில் மங்காது. பழைய ஈஸ்ட்மன்கலர் பிரிண்டில் சயான் (நீலப்பச்சை) சாயம் மங்கி எல்லாம் ரோஸாகியிருக்கும், அதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்.

ஒலியில் டப்டப் சத்தங்களைக் கையால் எடுங்கள். இரைச்சலை முழுசாக வழித்தெடுத்தால் வசனத்தில் ஸ, ஷ ஒலிகள் மழுங்கும். புதிதாக 5.1 (சுற்றிலும் ஒலிக்கும் ஆறு தட ஒலி) செய்தாலும் ஒற்றைத் தடமான மூல மோனோவை இழப்பில்லாத வடிவில் தவறாமல் சேருங்கள்.

1.37 விகிதப் படத்தை (அகலம் உயரத்தைப் போல் 1.37 மடங்கு) அகலத் திரை டிவிக்காக வெட்டினால் உயரத்தில் 23 சதவீதம் போகும்; கிரீடமோ பாதமோ காணாமல் போகும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். மூன்று மணி நேரப் படத்துக்கு 50 ஜிபி டிஸ்க் முழுவதையும் கொடுத்தால்கூட ஒலியும் சேர்த்து நொடிக்குச் சராசரி 37 மெகாபிட்தான். ஆகவே பேட்டி, டிரெய்லரெல்லாம் இன்னொரு டிஸ்க்குக்குப் போகட்டும். என்கோட் (டிஸ்க்குக்காகப் படத்தைச் சுருக்குவது) முடிந்ததும் இருட்டறையில் பெரிய டிவியில் முழுப் படத்தையும் ஓட்டி, காட்சி மெல்ல இருளும் ஃபேட் இடங்களிலும் தீப்பந்தப் புகையிலும் கட்டம் கட்டமாக உடைகிறதா என்று பாருங்கள். உடைந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் பிட்ரேட்டை (நொடிக்கான மெகாபிட் அளவை) உயர்த்தி மறுபடி என்கோட் செய்யலாம்.